மலையகக் குளிருக்கு முதல் குழந்தைப் போர்வை பின்னுவது எப்படி

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவிலேயே நிற்கிறது; ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் சில அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி படிவதும் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, அப்புத்தளை, பண்டாரவளை ஆகிய ஊர்கள் அதைவிடத் தாழ்வானவை என்றாலும், அங்கே மழையும் மூடுபனியும் காற்றும் சேர்ந்து வீட்டுக்குள்ளேயே ஈரக் குளிரைக் கொண்டுவந்துவிடுகின்றன. பிறந்த குழந்தையின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோலின் பரப்பு பெரிது. அதனால் அது பெரியவர்களைவிட விரைவாகச் சூட்டை இழக்கிறது. கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லும்போதும், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் மடியில் வைத்திருக்கும்போதும், பிள்ளை மடுவம் எனும் தோட்டக் குழந்தைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும்போதும் குழந்தையைச் சுற்றுவதற்கு இலேசான ஒரு பின்னல் போர்வை இங்கே உண்மையாகவே தேவைப்படும் பொருள். அதை ஊசி பிடித்தே அறியாத ஒருவர் தம் கையாலேயே செய்து முடிக்கலாம்.

முதல் போர்வைக்குப் பூவேலையும் எழுத்தும் யானைப் படமும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே வகைக் கண்ணியால் (ஊசியில் மாட்டி நிற்கும் நூல் வளையமே கண்ணி), ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலையில் முடியும் சதுரப் போர்வையே தொடக்கக்காரருக்கு மிகப் பொருத்தமானது. நேராகப் பின்னும் போர்வைக்கு முதல் நாளிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளை ஏற்ற வேண்டும்; அகலம் சரியாக வருமா என்பதை அறிய மாதிரித் துண்டு பின்னி அளந்து கணக்கிட வேண்டும்; நூல் போதாமல் போனால் போர்வை குட்டையாகவே நின்றுவிடும். மூலையிலிருந்து தொடங்குவதற்கு மூன்று கண்ணிகள் போதும். பாதி நூல் தீரும்வரை அகலத்தைக் கூட்டிக்கொண்டே போய், மீதிப் பாதியில் குறைத்துக்கொண்டே வந்தால், கையில் எவ்வளவு நூல் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒரு முழுச் சதுரம் கிடைக்கும். ஊர்க்கடையில் அதே நிற நூல் மறுமுறை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாத நம் நகரங்களுக்கு இந்த முறை மிகவும் ஏற்றது.

நூலைத் தெரிவு செய்தல்

இந்த வேலையில் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் நூல் வாங்குவதுதான். பஞ்சு நூல் மென்மையானது. ஆனால் பாரமானது, நனைந்தால் காய நீண்ட நேரம் எடுப்பது, ஈரமாக இருக்கும்போது உடம்பைக் குளிரச் செய்வது. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை பெய்யும் மஸ்கெலியா, ஹட்டன் பக்கங்களில் பஞ்சுப் போர்வையைத் துவைத்தால் இரண்டு மூன்று நாட்களுக்குக் கொடியிலேயே கிடக்கும். ஆட்டு மயிரில் இழைத்த உண்மையான கம்பளி நூல் மிகவும் சூடானது. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிய பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. நெருப்புப் பட்டாலும் எளிதில் பற்றிக்கொள்ளாது. எனினும் விலை கூடியது. சில குழந்தைகளின் தோலில் அரிப்பை உண்டாக்கும். சுடுநீரில் கசக்கித் துவைத்தால் சுருங்கித் தடித்துவிடும்.

அக்ரிலிக் நூல் மலிவானது, இலேசானது, விரைவாகக் காய்வது, அடிக்கடி துவைத்தாலும் சுருங்காதது. குழந்தை வாந்தி எடுக்கும், சிறுநீர் கழிக்கும். போர்வை வாரத்துக்கு ஒரு தடவையாவது தண்ணீரில் விழத்தான் போகிறது. ஆகவே முதல் போர்வைக்குக் குழந்தைகளுக்கென்று விற்கும் மென்மையான அக்ரிலிக் நூலையே நான் பரிந்துரைப்பேன். அதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு: அக்ரிலிக் நெருப்பில் உருகி ஒட்டிக்கொள்ளும் இழை. விறகடுப்புக்குப் பக்கத்தில் குழந்தையோடு குளிர்காயும் பழக்கமுள்ள வீடுகளில் இந்தப் போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பண்டை உட்காரக் கூடாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தவும் கூடாது.

தடிப்பைப் பொறுத்தவரை, நூல் பந்தின் பட்டியில் டபுள் நிட்டிங் அல்லது 8 ப்ளை என்று அச்சிட்டிருப்பதைத் தேடுங்கள். ஒரு பக்கம் 75 சென்ரிமீற்றர் உள்ள சதுரத்துக்கு நூலின் இனத்தைப் பொறுத்து 300 முதல் 400 கிராம் வரை போதும். 90 சென்ரிமீற்றர் வேண்டுமென்றால் 500 கிராம் அளவில் வாங்குங்கள். பட்டியில் சாயத் தொகுதியைக் குறிக்கும் லொட் இலக்கம் ஒன்று இருக்கும். எல்லாப் பந்துகளிலும் அந்த இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்க வேண்டும்; இல்லாவிட்டால் ஒரே வெள்ளையிலும் இரண்டு வெள்ளை தெரியும். ஊர்க்கடையில் தேவையான அளவு கிடைக்காவிட்டால், கண்டியிலோ கொழும்பு புறக்கோட்டையிலோ தையல் சாமான் விற்கும் கடைகளில் பாருங்கள். ஒரே நிறம் போதாதபோது, ஒரே தடிப்புள்ள இரண்டு நிறங்களை வாங்கிப் பட்டை பட்டையாகப் பின்னலாம். இந்த முறையில் பட்டைகள் தாமாகவே சாய்வாக விழுந்து அழகாக இருக்கும்.

வெளிர் நிறத்தையே எடுங்கள். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியா. வேலை முடிந்து வந்து மாலையில் ஒற்றை மின்குமிழின் கீழ் உட்கார்ந்து பின்னுபவருக்கு அது பெரும் சிரமம். மயிர் மயிராகச் சிலும்பும் நூலையும் தவிர்க்க வேண்டும். அதன் இழைகள் உதிர்ந்து குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் போகும், தவறினால் பிரித்தெடுப்பதும் கடினம்.

பழகுவதற்குப் புது நூலைச் செலவிட விரும்பாதவர்கள், நுவரெலியா நகரில் ஸ்வெட்டரும் ஜக்கெட்டும் வரிசையாக விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஸ்வெட்டர் ஒன்றை வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். வாங்குமுன் உட்புறத் தையலைப் பாருங்கள்: ஓரங்கள் வெட்டி ஓவர்லொக் அடிக்கப்பட்டிருந்தால் நூல் துண்டு துண்டாகத்தான் வரும், ஓரங்கள் பின்னலாகவே முடிந்து, பின்னர் இணைக்கப்பட்டிருந்தால் நீள நூல் கிடைக்கும். என்ன இழை என்று தெரியாத அந்த நூல் கை பழகுவதற்கு மட்டுமே. குழந்தையின் போர்வைக்கு அதை எடுக்க வேண்டாம்.

ஊசியும் மற்றவையும்

5 மில்லிமீற்றர் தடிப்பும் 80 அல்லது 100 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள வட்ட ஊசி ஒன்று வேண்டும். இரண்டு குட்டை ஊசிகளை வளையும் வயர் ஒன்று இணைத்திருக்கும். அதைக் கொண்டு வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்பதில்லை. சாதாரண ஊசிகளைப் போலவே ஒரு வரி முடிந்ததும் திருப்பிப் பிடித்து அடுத்த வரியைப் பின்னலாம். போர்வையின் நடுப்பகுதியில் 190 அளவில் கண்ணிகள் சேரும் என்பதால், அவ்வளவையும் தாங்க அந்த வயர் தேவைப்படுகிறது. போர்வையின் பாரமும் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும். மூங்கில் ஊசியில் கண்ணிகள் வழுக்கி விழுவது குறைவு. நேர் ஊசிகள் மட்டுமே இருந்தால், 38 சென்ரிமீற்றர் அளவில் நான்கு சிறு சதுரங்களைப் பின்னி ஒன்றாகத் தைத்துவிடலாம்.

இவற்றோடு ஒரு கத்தரிக்கோல், துளை பெரிதான மொட்டை நுனித் தையல் ஊசி, அளவு நாடா, சில ஊக்குகள் ஆகியவை போதும். சமையலறைச் சிறு தராசு ஒன்று இருந்தால் நல்லது; அதன் பயன் பாதி வழியில் தெரியவரும்.

முதல் மூன்று கண்ணிகள்

நூலின் நுனியிலிருந்து ஒரு சாண் விட்டு ஒரு வளையம் போடுங்கள். பந்துப் பக்கத்து நூலை அந்த வளையத்துக்குள் இழுத்தால் சுருக்கு முடிச்சு ஒன்று உருவாகும். அதை இடது ஊசியில் மாட்டி, ஊசி எளிதாக அசையும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். இதுவே முதல் கண்ணி.

இப்போது வலது ஊசியின் நுனியை அந்தக் கண்ணிக்குள் முன்புறமிருந்து பின்புறமாக, இடது ஊசிக்குக் கீழே போகும்படி நுழையுங்கள். பின்னால் கிடக்கும் நூலை எடுத்து, வலது ஊசியின் நுனியைக் கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராக ஒரு தடவை சுற்றி, இரண்டு ஊசிகளுக்கும் நடுவே அது படியுமாறு பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றிய நூலை வலது ஊசி நுனியால் மெதுவாகக் கண்ணி வழியே முன்னால் இழுத்தால் புதிய வளையம் ஒன்று வரும். பழைய கண்ணியை விட்டுவிடாமல், இந்தப் புது வளையத்தைத் திருப்பி இடது ஊசியிலேயே மாட்டுங்கள். இரண்டாவது கண்ணி கிடைத்துவிட்டது. மறுபடியும் இதையே செய்தால் மூன்று.

கண்ணி ஏற்றும் இந்த முறையை நான் தெரிந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. ஏற்றும்போது கை செய்யும் அசைவே பின்னும் அசைவும் ஆகும். நுழைத்தல், சுற்றுதல், இழுத்தல் ஆகிய மூன்றும் அப்படியே இருக்க, இழுத்த வளையத்தை இடது ஊசிக்குத் திருப்பாமல் வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விட்டால் அதுதான் நேர்க்கண்ணி. போர்வை முழுவதற்கும் இந்த ஒரு கண்ணியே போதும். எல்லா வரிகளிலும் நேர்க்கண்ணியே பின்னும்போது துணியின் இரு பக்கமும் ஒரே மாதிரி மேடும் பள்ளமுமாக வரும், ஓரம் சுருளாது, மேடுகளுக்கிடையில் காற்றுத் தங்குவதால் சூடும் கூடும்.

முப்பது கண்ணிகளை ஏற்றி, பழைய நூலில் ஒரு கையகலத் துண்டு பின்னிப் பழகிய பின்னரே போர்வையைத் தொடங்குங்கள். தொடக்கக்காரர் எல்லோருமே நூலை இறுக்கிப் பிடிப்பார்கள். கண்ணி நகர மறுக்கும், விரல் வலிக்கும். கண்ணிகளை ஊசியின் கூரிய நுனியில் வைத்தே பின்னாமல், தடித்த பகுதிவரை தள்ளிப் பின்னினால் இறுக்கம் தானாகவே தளரும்.

கூட்டிக்கொண்டு போதல்

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு கண்ணி கூட வேண்டும். முதல் கண்ணியைச் சாதாரணமாகப் பின்னுங்கள். இரண்டாவது கண்ணியையும் பின்னுங்கள்; ஆனால் அதை இடது ஊசியிலிருந்து நழுவ விடாதீர்கள். அதே கண்ணியின் பின்புறக் காலுக்குள், அதாவது இடது ஊசிக்குப் பின்னால் கிடக்கும் அதன் பாதிக்குள், வலது ஊசியை நுழைத்து இன்னொரு தடவை பின்னி, அதன் பிறகே விடுங்கள். ஒரு கண்ணி இரண்டாகிவிடும். மீதியை வரி முடியும்வரை நேர்க்கண்ணியாகப் பின்னித் திருப்புங்கள். அடுத்த வரியும் இதே மாதிரிதான். ஒரு வரி ஒரு ஓரத்தையும் அடுத்த வரி மறு ஓரத்தையும் அகலமாக்குவதால் முக்கோணம் இரு பக்கமும் சமமாக விரியும்.

ஓரத்தில் நூலை ஊசிமேல் போட்டுத் துளைத் துளையாகக் கூட்டும் முறை ஒன்று பரவலாக வழக்கில் இருக்கிறது. அது பார்வைக்கு அழகாக இருக்கும். எனினும் பச்சைக் குழந்தையின் விரல் எந்தத் துளையைக் கண்டாலும் அதற்குள் போய்விடும் என்பதால், துளையில்லாத மேற்கண்ட முறையையே இங்கே தந்திருக்கிறேன்.

பின்னிக்கொண்டு போகும்போது அடிக்கடி நேர்வது, கண்ணிகள் கணக்குக்கு மீறிக் கூடிவிடுவது. பெரும்பாலும் வரியின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கும். அதனால் முதல் கண்ணி மேலே இழுபட்டு இரண்டு கண்ணிபோலத் தோன்றும், புதியவர் இரண்டையும் தனித்தனியே பின்னிவிடுவார். திருப்பியவுடன் நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடியால் பின்னுக்குக் கொண்டுபோனால் இது நேராது. இன்னொன்று, வரியின் நடுவில் வைத்துவிட்டு எழுந்து போய், திரும்பி வந்து எதிர்த்திசையில் பின்னத் தொடங்குவது. பந்துக்குப் போகும் நூல் எந்த ஊசியிலிருந்து தொங்குகிறதோ அந்த ஊசி வலது கையில் இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்தால் குழப்பமில்லை. முடிந்தால் வரியை முடித்துவிட்டே எழுங்கள்.

கண்ணி ஒன்று நழுவிவிட்டால் பதறாமல் உடனே அதில் ஓர் ஊக்கைக் குத்துங்கள். அது மேற்கொண்டு அவிழாது. ஊக்குக் குத்திய இடத்துக்கு வரும்வரை வரி வரியாகப் பிரித்து வந்து மீண்டும் ஊசியில் மாட்டலாம். இதற்கு முன்னேற்பாடாக, ஒவ்வொரு இருபது வரிக்கும் ஒரு தடவை, வேறு நிறத் தையல் நூலைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் ஓட்டி அப்படியே விட்டுவிடுங்கள். மேலே எவ்வளவு சிக்கலானாலும் அந்த நூல்வரை பயமில்லாமல் பிரிக்கலாம். போர்வை முடிந்ததும் அதை உருவிவிட வேண்டும்.

புதிய பந்தை எப்போதும் வரியின் தொடக்கத்திலேயே சேருங்கள். பழைய நூலிலும் புதிய நூலிலும் 15 சென்ரிமீற்றர் வால் விட்டுப் பின்னத் தொடங்கினால் போதும். முடிச்சுப் போடாதீர்கள், அது குழந்தையின் முதுகில் உறுத்தும். இரண்டு நிறம் பின்னுபவர்கள் எப்போதும் துணியின் ஒரே பக்கத்தில் நிறத்தை மாற்றினால், நிறங்கள் கலக்கும் கோடு மறுபக்கத்தில் மட்டும் தெரியும்.

பாதி வழி

தராசு இங்கேதான் பயன்படுகிறது. 400 கிராம் நூலோடு தொடங்கியிருந்தால், பின்னாத நூல் 210 கிராமுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்த வேண்டும். கூட்டிய பாதியும் குறைக்கும் பாதியும் ஒரே பரப்பு என்பதால் மீதி நூல் அதற்குச் சரியாகப் போதும். 20 கிராம் கையிருப்பு. தராசு இல்லாதவர்கள் பந்துகளை எண்ணிக்கொள்ளலாம். நூல் தாராளமாக இருந்தால், முக்கோணத்தின் சாய்ந்த ஓரத்தை அளவு நாடாவால் அளந்து, அது 75 சென்ரிமீற்றர் ஆனதும் நிறுத்துங்கள்; போர்வையின் ஒரு பக்கத்தின் நீளம் அதுதான்.

நடுப்பகுதியை நெருங்கும்போது ஒரு வரிக்கு எடுக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். பலர் கைவிடுவதும் இந்த இடத்தில்தான். முழுப் போர்வையிலும் ஏறத்தாழ 36,000 கண்ணிகள் இருக்கும். நிமிடத்துக்கு 20 கண்ணி பின்னும் பழகிய கைக்கே அது 30 மணித்தியால வேலை; புதியவருக்கு அதைவிடக் கூடும். பேறுகாலத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போதே தொடங்கி, ஒவ்வொரு மாலையும் சில வரிகள் என்று போவதே நல்லது. பிள்ளை பிறக்குமுன் அதற்கென்று எதையும் வீட்டில் சேர்க்கக் கூடாது என்று கருதும் குடும்பங்களில், உறவுக்காரர் ஒருவர் தம் வீட்டில் பின்னி வைத்திருந்து, தீட்டுக் கழிக்கும் நாளிலோ பெயர் சூட்டும் நாளிலோ கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

குறைத்தலும் முடித்தலும்

இனி ஒவ்வொரு வரியிலும் முதல் கண்ணியைப் பின்னிய பிறகு, அடுத்த இரண்டு கண்ணிகளுக்குள் ஒருங்கே ஊசியை நுழைத்து ஒன்றாகப் பின்னுங்கள். மீதி முழுவதும் நேர்க்கண்ணி. வரிக்கு ஒரு கண்ணி குறைந்து, வரிகள் குட்டையாகி, வேலை வேகமெடுக்கும். மூன்று கண்ணிகள் எஞ்சியதும் முதல் இரண்டைப் பின்னி, முதலில் பின்னியதை இரண்டாவதற்கு மேலாகத் தூக்கி விடுங்கள். மூன்றாவதையும் பின்னி, முன்பு போலவே செய்யுங்கள். நூலை வெட்டி, நுனியைக் கடைசிக் கண்ணிக்குள் இழுத்து இறுக்கினால் பின்னல் முடிந்தது.

வால் நூல்களை மறைக்கும் வேலையில் அவசரம் கூடாது. மொட்டை ஊசியில் கோத்து, மேடுகளின் ஊடாக ஒரு திசையில் கொஞ்சத் தூரமும், திரும்பி எதிர்த்திசையில் கொஞ்சத் தூரமும் ஓட்டிய பிறகே வெட்டுங்கள். தளர்ந்து தொங்கும் ஒரு நூலோ தலைமயிரோ குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே தடைப்படும்; மருத்துவர்கள் அறிந்த உண்மையான ஆபத்து இது. பொத்தான், மணி, குஞ்சம் ஆகியவையும் அதே காரணத்துக்காக வேண்டாம்.

கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை

பல வாரங்கள் மடியிலும் பையிலும் கிடந்த போர்வை என்பதால் கொடுக்குமுன் துவைக்க வேண்டும். இளஞ்சூட்டு நீரில் குழந்தைச் சவர்க்காரம் கரைத்து, கசக்காமல் அழுத்தி அழுத்தித் துவைத்து, நன்றாக அலசி, முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமுக்கி நீரை எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். வெயில் விழும் காலை நேரத்தில் பாயின்மேல் சதுரமாக விரித்துக் காயவிடுங்கள். அக்ரிலிக் போர்வையை இஸ்திரி போடக் கூடாது. சூடு பட்டால் அதன் மென்மை போய்விடும்.

தாயிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் போர்வை மடியில் வைத்திருக்கும்போதும் தூக்கிச் செல்லும்போதும் சுற்றுவதற்கானது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை உறங்கும் இடத்தில் தளர்வான போர்வைகளை வைக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். சேலையில் கட்டிய ஏணையில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். அதன் பக்கங்கள் குழந்தையை நெருக்கிக்கொண்டிருப்பதால், உள்ளே வைத்த போர்வை மேலேறி மூக்கையும் வாயையும் மூடிவிடலாம். இரவுக் குளிருக்குச் சட்டையும் காலுறையும் போட்டு உறங்க வைப்பதே பாதுகாப்பு.

மீதமான நூலில் ஒரு சிறு உருண்டையைப் பட்டியோடு சேர்த்துத் தாயிடம் கொடுத்துவிடுங்கள். வளையல் பட்டு ஒரு கண்ணி வெளியே இழுபட்டால் அதை வெட்டாமல், மொட்டை ஊசியால் பக்கத்துக் கண்ணிகளை ஒவ்வொன்றாக நெம்பி, இழுபட்ட நூலை அவற்றுக்குப் பகிர்ந்து கொடுத்தாலே சரியாகிவிடும். அறுந்துபோன இடத்துக்கு மட்டும் அந்த உருண்டை நூல் தேவைப்படும்.